நான் வைத்த தலைப்பு... அப்பா உடைத்த எஃப்.டி!

2023 மார்ச் 11, சனிக்கிழமை. எனக்குக் காலை 6 மணி ஷிஃப்ட். அப்போது நான் வேறொரு இணையதளத்தில் டிஜிட்டல் டெஸ்க்கில் இருந்தேன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முந்தைய இரவுதான் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியை அந்த நாட்டு அதிகாரிகள் இழுத்து மூடியிருந்தார்கள்.

`திவாலானது பிரபல வங்கி... உங்கள் பணம் என்ன ஆகும்?' இதுதான் நான் வைத்த தலைப்பு. அதில் `அமெரிக்கா' இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அமெரிக்கா என்று போட்டால் நம்மூரில் யார் க்ளிக் செய்வார்கள்? வங்கியின் பெயரே மூன்றாவது பத்தியில்தான் வரும். மேலே ஏதோ ஒரு வங்கி வாசலில் கூட்டம் நிற்கும் ஃபைல் படம். மதியத்துக்குள் அன்றைய டாப் ஸ்டோரி அதுதான். எடிட்டர் கட்டைவிரல் எமோஜி போட்டார்.

அடுத்த மாதம் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போனேன். கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா பீரோ சாவியைக் கேட்க, அப்பா தராமல் மழுப்பினார். கடைசியில் அம்மாவே திறந்தார். பட்டுச்சேலைகளுக்கு அடியில், துணிக்கடை மஞ்சள் பைக்குள் 4 லட்சம் ரூபாய்.

அப்பா போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பணம் தங்கையின் கல்யாணத்துக்காக 2021-ல் அஞ்சு வருடத்துக்குப் போட்ட எஃப்.டி.

``ஏன்பா எடுத்தீங்க?''

``நீதான பாப்பா எழுதியிருந்த, பேங்க் திவாலாயிருச்சுன்னு. வாக்கிங் குரூப்ல வந்துச்சு. உன் பேரு போட்டிருந்துச்சா, அதான் நம்பினேன்.''

என் பெயர் இருந்ததால் நம்பியிருக்கிறார். மார்ச் 11 இரண்டாவது சனிக்கிழமை என்பதால் வங்கி விடுமுறை. ஞாயிறு முழுக்கத் தூங்காமல், திங்கள்கிழமை கதவு திறந்ததும் போய் நின்றிருக்கிறார். முதிர்வுக்கு முன்பே எடுத்ததில் வட்டியில் ஏறக்குறைய 7,000 ரூபாய் போயிருந்தது.

அவர் கவுன்டரில் நின்ற அதே காலை, டெபாசிட்தாரர்களுக்கு முழுப் பணமும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்த செய்தியும் வந்திருந்தது. அதையும் நான்தான் போட்டேன். அதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

``அப்பா, அது அமெரிக்கா பேங்க்'' என்றேன். ``சரி, அந்த பேங்க்காரன் வாங்குன பணத்த என்னதான் பண்ணுனான்?'' என்று கேட்டார். தெரியவில்லை. செய்தி எழுதியவள் நான். என் டிப்ளோமா படிப்பில் பேலன்ஸ் ஷீட் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை என்று சொல்லலாம். ஆனால் அன்று காலை நான் படிக்க முயலவே இல்லை என்பதுதான் உண்மை.

பிறகுதான் படித்தேன். ஏப்ரல் 28-ம் தேதி அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் இந்த வங்கி விழுந்தது பற்றி நூறு பக்கங்களுக்கு மேல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதை வைத்துக்கொண்டு பல இரவுகள் உட்கார்ந்தேன்.

நமக்கு டெபாசிட் என்பது சேமிப்பு. வங்கிக்கு அது நம்மிடம் வாங்கிய கடன். எப்போது கேட்டாலும் தர வேண்டிய கடன். அந்தப் பணத்தை வங்கி அப்படியே வைத்திருப்பதில்லை. இருபது வருட வீட்டுக்கடனாகக் கொடுக்கிறது, அரசாங்கக் கடன் பத்திரம் வாங்குகிறது. அந்த மார்ச் மாதக் கணக்குப்படி, நம் நாட்டில் 100 ரூபாய் டெபாசிட்டில் நாலரை ரூபாய் ரிசர்வ் வங்கியிடம் இருக்க வேண்டும். 18 ரூபாய் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் இருக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதி கடனாகப் போகும். கடன் திரும்பாவிட்டால் அடி வாங்குவதற்கென்றே வங்கி முதலாளிகளின் சொந்தப் பணம் கொஞ்சம் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பெயர்தான் மூலதனம். எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் மொத்தக் கடையும் ஓடுகிறது.

சிலிக்கான் வேலி வங்கியில் கடன்கள் பெரிதாக மூழ்கவில்லை. ஸ்டார்ட்-அப் கம்பெனிகளின் பணம் குவிந்ததில், 2019 முடிவுக்கும் 2021 முடிவுக்கும் இடையில் அதன் டெபாசிட் மூன்று மடங்கானது. அவ்வளவு பணத்தை வைத்து அமெரிக்க அரசு சார்ந்த நீண்ட காலப் பத்திரங்களை வாங்கினார்கள். பணம் திரும்பி வருவதில் சந்தேகமே இல்லாத பத்திரங்கள். பிறகு எங்கே உதைத்தது?

இதை அப்பாவுக்கு அவருடைய எஃப்.டி. ரசீதை வைத்தே சொன்னேன்.

``அப்பா, உங்க எஃப்.டி. வட்டி 5.4. இப்ப புதுசா போட்டா 7 தர்றாங்க. உங்க ஒரு லட்ச ரூபா ரசீத இன்னொருத்தர்கிட்ட விக்க முடியும்னு வைங்க. முழுசா ஒரு லட்சம் குடுத்து வாங்குவாரா?''

``அவனுக்கென்ன கிறுக்கா? புதுசுல போட்டுக்குவான். நாலாயிரமாவது கொறச்சுக் கேப்பான்.''

``முதிர்ற வரைக்கும் விக்காம வெச்சிருந்தா?''

``முழுசும் வரும்.''

முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவருக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி, ஒரே வருடத்தில் 4.5 சதவிகிதத்தைத் தாண்டியது. இவர்களிடம் இருந்த பழைய பத்திரங்களின் சந்தை விலை சரிந்தது. பொறுத்திருந்தால் முழுப் பணம் வரும். டெபாசிட்காரர்கள் பொறுத்திருக்க வேண்டுமே! ஸ்டார்ட்-அப்கள் செலவுக்குப் பணம் எடுக்க எடுக்க, 21 பில்லியன் டாலர் பத்திரங்களை 1.8 பில்லியன் நஷ்டத்தில் விற்றார்கள்.

இந்த இடத்தில்தான் கோல்ட்மேன் சாக்ஸ் வருகிறது. அது முதலீட்டு வங்கி. நம் தெரு முனை பிராஞ்ச் மாதிரி டெபாசிட் வாங்கிக் கடன் கொடுப்பது இவர்களின் பிரதான வேலை இல்லை. கம்பெனிகள் பங்கு விற்க, இன்னொரு கம்பெனியை வாங்க வழிசெய்து கமிஷன் வாங்குவார்கள்; தாங்களும் பத்திரங்களை வாங்கி விற்பார்கள். 2022-ல் எல்.ஐ.சி பங்கு வெளியீட்டை நடத்திக்கொடுத்ததும் இந்த வகை நிறுவனங்கள்தான். கையில் வாங்கிய சரக்கு விலை இறங்கிவிடக் கூடாதே என்பதுதான் இவர்களின் பெரிய கவலை. மார்ச் 8 அன்று சிலிக்கான் வேலி வங்கி, நஷ்டத்தை ஈடுகட்ட 2.25 பில்லியன் டாலர் திரட்டப்போவதாக அறிவித்தது. அந்தப் பங்கு விற்பனையை ஏற்பாடு செய்தது கோல்ட்மேன். விற்ற பத்திரங்களை வாங்கியதும் கோல்ட்மேன்தான். ஒரே வீட்டுக்கு புரோக்கரும் அவர்களே, வாங்குபவரும் அவர்களே என்றால் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

பணம் திரட்டும் அறிவிப்பே பயத்தைக் கிளப்பிவிட்டது. மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுத்துவிட்டார்கள். செல்போனிலேயே எடுக்கலாம், வரிசையே இல்லை. அடுத்த நாளுக்கு இன்னும் 100 பில்லியன் கேட்டுக் கோரிக்கைகள் குவிந்திருந்தன. அங்கே 2.5 லட்சம் டாலர் வரைதான் காப்பீடு; இந்த வங்கியில் 90 சதவிகிதத்துக்கு மேற்பட்ட பணம் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது.

அறிக்கையில் என்னை நிறுத்திவைத்த இடம் வேறு. வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடும் முறை அவர்களிடம் இருந்தது. அது ஆபத்து என்று காட்டியபோது, ஆபத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கணக்கின் அனுமானங்களை மாற்றி, ஆபத்தைச் சின்னதாகக் காட்டியிருக்கிறார்கள். ரிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளும் தலைமை அதிகாரி நாற்காலி 2022-ல் பல மாதங்கள் காலியாகக் கிடந்திருக்கிறது.

இன்னொரு கூத்து. அந்த நாள்களில் மும்பையில் எஸ்.வி.சி கூட்டுறவு வங்கி, `நாங்கள் எஸ்.வி.பி இல்லை' என்று அறிக்கை விட வேண்டிவந்தது. ஓர் எழுத்து வித்தியாசத்துக்கே இந்தப் பாடு. நான் பெயரையே போடவில்லை.

நம் நாட்டில் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில்தான் ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். அப்பாவின் 4 லட்சம் அதற்குள்தான் இருந்தது. இந்த ஒரு வரியை என் செய்தியில் சேர்த்திருக்கலாம்.

பொங்கல் முடிந்து அப்பா பணத்தை அதே வங்கியில் 7 சதவிகிதத்துக்குப் போட்டார். போனது 7,000 என்றாலும், புது வட்டியில் அதைவிடக் கூடுதலாகவே வரும். ``உங்க மக தலைப்பு வெச்சது நல்லதாப்போச்சு'' என்று மேனேஜர் சிரித்தாராம்.

நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தத் திங்கள்கிழமை அப்பா தனியாகப் போகவில்லை. வாக்கிங் நண்பரான ஓய்வுபெற்ற ஆசிரியர் மாமாவும் கூடப் போயிருக்கிறார். அவர் எடுத்தது 3 லட்சம். பீரோவில் வைக்கப் பயந்து, மாதம் இரண்டு வட்டி தருவதாகச் சொன்ன ஒரு ஃபைனான்ஸில் போட்டார். நாலு மாதம் வட்டி வந்தது. அதன் பிறகு ஆபீஸே பூட்டிக் கிடக்கிறது. புகார் கொடுத்திருக்கிறார்.

பழைய தளத்தில் அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லிக் கேட்டேன். `இப்ப யாரும்மா படிக்கப்போறா?' என்றார்கள்.

மாமா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டுக்கு வருவார். அம்மா தரும் காபியைக் குடித்துவிட்டு, கிளம்பும்போது மட்டும் கேட்பார்: ``பாப்பா, நீ பேப்பர்லதான இருக்க... அந்தக் கம்பெனி பத்தி ஏதாவது நியூஸ் வந்துச்சாம்மா?''