சாங்ஷன் கடிதத்தில் தொடங்கும் தணிக்கை

ஒரு நூற்பாலையின் கணக்கைத் தணிக்கைக்கு எடுத்ததும் நான் முதலில் கேட்டு வாங்குவது வங்கி கொடுத்த சாங்ஷன் கடிதத்தை. லிமிட் எவ்வளவு, வட்டி எத்தனை சதவீதம், எந்த நிபந்தனை தவறினால் வட்டி ஏறும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கணக்கில் எந்த எண்ணை ஏற்றிக் காட்ட நெருக்கடி இருக்கிறது என்பது அதைப் படித்தாலே பாதி புரிந்துவிடும்.

வங்கி தன் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல், கடன் வாங்கும் மில்லின் ரேட்டிங்கைப் பார்த்துக் கூடுதலாகக் கொஞ்சம் வைக்கிறது. ரேட்டிங் இறங்கி அந்தக் கூடுதல் அரை சதவீதம் உயர்ந்தால், 40 கோடி கடன் உள்ள மில்லுக்கு வருடம் 20 லட்சம் போய்விடும். பஞ்சு விலை ஏறி நூல் விலை ஏறாத வருடத்தில் இதுவே லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் நிற்கும் தொகை. நடப்புச் சொத்துக்கும் நடப்புக் கடனுக்கும் உள்ள நடப்பு விகிதம் 1.33-க்குக் குறையக் கூடாது என்பது நிபந்தனையாக இருந்து, மார்ச் 31 அன்று அது 1.34 என்று வந்து நின்றால், அடுத்து நான் எடுப்பது சரக்கிருப்புப் பட்டியல்தான்.

கழிவுப் பஞ்சை நல்ல பஞ்சு விலையில் போட்டிருக்கலாம். பஞ்சு வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியைக் குறைத்திருக்கலாம். பாக்கி குறைந்தால் டிராயிங் பவர், அதாவது லிமிட்டுக்குள் எடுக்கக்கூடிய கடன் அளவு, கூடும். அதனால் வியாபாரிக்கு நேரடியாக நானே கடிதம் எழுதிக் கேட்பேன். நான் மிகவும் நம்புவது மின் கட்டணப் பில்லை. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பது நூலின் மென்மையைக் குறிக்கும் கவுண்டுக்குக் கவுண்டு மாறும். ஆனால் மெஷினும் மாறாமல் கவுண்டும் மாறாமல் இந்தக் கணக்கு மட்டும் திடீரென்று குறைந்தால், பட்டியலில் உள்ள நூல் முழுவதும் அந்த ஆலையில் ஓடியிருக்குமா என்று கேட்டே ஆக வேண்டும்.

1896-இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு நடந்தது. மேலாளர் கொடுத்த பொய்யான சரக்குச் சான்றை நம்பிய ஆடிட்டர்கள் மேல் பொறுப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்ற கருத்தை மாணவர்களாக மனப்பாடம் செய்தோம். எனக்கு அதில் மனம் ஒப்பியதே இல்லை. ஆண்டுத் தொடக்கச் சரக்கோடு வாங்கியதைக் கூட்டி, விற்றதைக் கழித்துப் பார்த்திருந்தாலே அந்த ஆலையில் பொய் வெளிப்பட்டிருக்கும்.

ரொக்கத்திலும் கேள்வி இருக்கிறது. கையில் ஏராளமான பணம் இருப்பதாகக் காட்டும் நிறுவனம், வைப்பில் கிடைப்பதைவிட அதிக வட்டிக்கு ஏன் கடன் வாங்குகிறது? இத்தாலியின் பால் நிறுவனமான பார்மலாட், வங்கியில் 395 கோடி யூரோ இருப்பதாகக் காட்டிக்கொண்டே கடன் பத்திரங்களை விற்றது. 2003 டிசம்பரில் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று பேங்க் ஆஃப் அமெரிக்கா மறுத்தது. அந்த வங்கி தந்ததாகக் காட்டிய உறுதிக் கடிதம் போலி. நம் நாட்டு மென்பொருள் நிறுவனமான சத்யத்தில் 2009 ஜனவரியில் வெளிவந்தது 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம். அதோடு 376 கோடி ரூபாய் வட்டியும் வர வேண்டியதாகப் பொய்யாக எழுதப்பட்டிருந்தது. இருப்புக்கு ஏற்ற வட்டி கணக்கில் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது அங்கேதான். வட்டி வங்கிக் கணக்கில் வந்து விழுந்ததா, வங்கி பிடித்த டிடிஎஸ் வருமான வரித் துறையின் பதிவில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வங்கிக்கு உறுதிக் கடிதம் எங்கள் கையால் போய், பதில் எங்கள் அலுவலகத்துக்கே வர வேண்டும்.

ஒருவர் செய்யும் தவறின் சுமை மற்றவர் தலையிலும் விழுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2018-இல் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல் அண்ட் எஃப்எஸ் தவணை தவறியபோது, சில வாரங்களுக்கு முன்புவரை அதற்கு உச்ச ரேட்டிங் இருந்தது. அதன்பின் அதோடு தொடர்பே இல்லாத வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் கடன் கிடைப்பது அரிதாகி வட்டி ஏறியது. ஊருக்குள்ளும் அதேதான். ஒரு மில் ஏமாற்றினால், ஒழுங்காகக் கணக்கு எழுதும் பக்கத்து மில்லிடமும் வங்கி கூடுதல் ஈடு கேட்கிறது.

2021-22 முதல், ஆடிட்டர் தணிக்கையோடு தர வேண்டிய கேரோ அறிக்கையில் ஒரு நல்ல கேள்வி சேர்ந்தது. நடைமுறை மூலதன லிமிட் 5 கோடியைத் தாண்டினால், வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் எழுத வேண்டும். ஆனால் கேரோ கம்பெனிகளுக்கு மட்டும்தான். எங்கள் பகுதியில் கூட்டாண்மை நிறுவனமாக நடக்கும் மில்களும் பனியன் கம்பெனிகளும் நிறைய. அவற்றின் தணிக்கையிலும் அந்த ஒப்பீட்டைச் செய்து, வித்தியாசத்தைத் தாளில் எழுதிப் பங்குதாரரிடம் கையெழுத்து வாங்கி வைக்கிறேன்.