எதுக்குடா அடிப்பாரு?

‘அடியாத மாடு படியாது’ன்னு இன்னும் நம்புறீங்களா? 1961-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், பெரியவர் ஒருத்தர் காற்றடைத்த பொம்மையை உதைப்பதை வாண்டுகளைப் பார்க்கவைத்தார். அப்புறம் பொம்மையைக் கொடுத்தால், பல வாண்டுகள் அதே மாதிரி சாத்தின. யாரும் சொல்லித் தரவில்லை!

1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொலையானதும், 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். வீட்டுக்குள் நடப்பது அதன் கண்ணில் படாதே!

பிள்ளையைக் கண்டிக்காதீங்கன்னு சொல்லவில்லை. காரணத்தையும் சொல்லுங்க, அவ்வளவுதான். அணைக்கட்டு - வேலூர் பஸ்ஸில், ஜூனியரைப் பளாரென்று அறைந்த கல்லூரிப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அப்பாவுக்கு ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை. வீட்டுக்கு வந்தால் பெல்ட்தான் பேசுமாம். (அவரை அங்கே யார் என்ன சொன்னார்களோ, பாவம்.)

“எதுக்குடா அடிப்பாரு?”

ரொம்ப நேரம் யோசித்தான்.

“தெரியல சார்.”