நால்வர் சுமந்த படுக்கை

அம்மாவுக்கு மூச்சு இரைப்பதை நெடுநாள் முதுமை என்றே எண்ணியிருந்தோம். கோவில்பட்டிக் கரிசலில் இருமல் புதிதன்று. சீமைக்கருவேல விறகும் பருத்திமாரும் எரிந்த அடுப்பின் முன் நாற்பது ஆண்டுகள். மீதிப் பொழுதெல்லாம் தீப்பெட்டி ஒட்டும் வேலை. பீடியைத் தொடாதவருக்கும் அடுப்புப் புகையால் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. ஊரார் காசம் என்றனர். சளிப் பரிசோதனை இல்லை என்றது.

மூச்சு முட்டிய போதெல்லாம் அருகில் கிடைத்த மருத்துவரிடம் ஓடினோம். ஒருநாள் அம்மாவின் கைகள் நடுங்கின, நெஞ்சு படபடத்தது. மருந்துப் பையைக் கவிழ்த்துப் பார்த்த மருந்தாளுநர்தான் கண்டார்: இரு வேறு பெயர்களில் ஒரே சால்பூட்டமால். எழுதியவர் இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். அறிவித்திருக்க வேண்டியவர்கள் நாங்களே.

அன்றிரவு செபமாலை முடிந்தபின் மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரத்தை வாசித்தோம். கூரையைப் பிரித்து முடக்குவாதமுற்றவரை இறக்கிய நால்வரில் ஒருவர் மட்டும் தம் பக்கத்தை முன்னதாக விட்டிருந்தால்? எங்களில் இளையவன்தான் கேட்டான்.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினோம். மருந்தை மாற்றுபவர் நெஞ்சக மருத்துவர் ஒருவரே என்று முடிவாயிற்று. மற்றவர்கள் தாம் கண்டதை அதில் எழுதினார்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் இரத்த அழுத்தம் பார்க்க வருபவர். சில அழுத்த மாத்திரைகள் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். ஆகவே அவரும் அந்நோட்டைப் பார்ப்பது அவசியமாயிற்று. உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல் மெல்ல மூச்சை விட இயன்முறை மருத்துவர் கற்பித்தார்.

பெரிய திருத்தம் எங்கள் பங்கின் அருட்சகோதரியால் வந்தது. செவிலியரான அவர், "அம்மா, எப்படி உறிஞ்சுகிறீர்கள், காட்டுங்கள்" என்றார். அம்மா மருந்தை அழுத்தினார். பின்னரே மூச்சை இழுத்தார். ஓராண்டாக மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலுமே தங்கியிருக்கிறது! இத்தனை படித்தவர்கள் வீட்டிலிருந்தும் எவரும் அருகில் அமர்ந்து பார்த்ததில்லை. அன்று முதல் மருந்தை ஒரு பிளாஸ்டிக் குழல் வழியே இழுக்கிறார். பின் வாய் கொப்பளிக்கிறார்.

நோய் நீங்கவில்லை, நீங்காது என்றும் மருத்துவர் மறைக்கவில்லை. ஆயினும் ஆகஸ்டு 15 அன்று காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா ஆலயத்தில் நற்கருணை வாங்க அம்மா நடந்தே சென்றார். வழியில் இருமுறை நின்றார். பின்னால் வரிசையில் நின்றோர் காத்திருந்தனர். அன்றிரவு நோட்டை எடுக்கச் சொல்லி, அதையும் எழுதச் சொன்னார்: "நின்றது 2."