பையில் ஏறாத ஊர்ப்பெயர்

எல்கடுவவில் விளையாதது குறைவு. வத்தேகமவிலிருந்து ஏறும் பாதையில் ஒரு வளைவில் தேயிலை, அடுத்ததில் மரமேறிய மிளகு, இன்னும் மேலே கராம்பும் சாதிக்காயும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவு. மழைக்கும் மூட்டத்துக்கும் பஞ்சமில்லை. வாசனைப் பயிர்களுக்கு இந்த மாத்தளை மாவட்டம் பெயர்போனது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமே மாத்தளையில்தான் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், கண்டியிலும் கொழும்பிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் ‘எல்கடுவ’ என்று எழுதிய பை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சரக்கு மூட்டையாக மலையிறங்குகிறது. அதற்குப் பெயரை வேறெங்கோ, வேறு யாரோ வைக்கிறார்கள்.

பொதிகளில் அச்சு எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சக் காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். சுருள் சுருளாக ஓடும் பிளாஸ்டிக் தாளில் நேரே மையைத் தெளித்து, முழுப் பையையும் அச்சிடும் டிஜிட்டல் மெஷின்கள் உலகச் சந்தைக்கு வந்துவிட்டன. இந்த மலையில் அது எதுவரை வந்து நிற்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

முதலில் ஸ்டோர். தோட்டத்து ஆட்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை எப்போதும் ஸ்டோர்தான். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில், பொதி கட்டும் அறைக்கு டீமேக்கர் அழைத்துப் போனார். பல அடுக்குக் கடதாசிச் சாக்குகள், உட்புறம் அலுமினியத் தாள். தோட்டத்தின் பெயர் சாக்கில் அச்சாகியே வருகிறது. பி.ஓ.பி. போன்ற தரக் குறி, இன்வாய்ஸ் இலக்கம், சாக்கின் வரிசை எண், மொத்த நிறை, தேறிய நிறை எல்லாம் இங்கே கையால் ஏறுகின்றன.

அந்த வேலையைச் செய்பவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். எழுத்து வெட்டிய தகரத்தைச் சாக்கின்மேல் வைத்து இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிறார். கட்டைத் தூரிகையை மையில் தொட்டதும் தகரத்துக்குக் கொண்டுபோவதில்லை. பழைய சாக்குத் துண்டில் இரண்டு தரம் குத்தி மையைக் குறைத்த பிறகுதான் எழுத்துக்கு வருகிறார். அங்கேயும் இழுப்பது கிடையாது, நேர்ச்செங்குத்தாகக் குத்துகிறார்.

“இழுத்தா மை அடியில பூந்துரும் தம்பி. பி.ஓ.பி.ன்னு போட்டது கறுப்புப் பொட்டு மாதிரி ஆயிரும். கொழும்புல இருக்கிறவனுக்கு நம்ம மொகம் தெரியாது. இந்த எழுத்துதான் தெரியும்.”

அவருடைய அப்பாவும் இதே வேலைதான் செய்தாராம். அப்போது ஒட்டுப்பலகைப் பெட்டி. பெட்டி போய்ச் சாக்கு வந்தது. தகரமும் தூரிகையும் அப்படியே நின்றுவிட்டன.

அவர் எழுதும் எழுத்துக்குக் கொழும்பு ஏலம்வரை மரியாதை உண்டு. 1883 ஜூலை 30 அன்று தொடங்கிய ஏலம் அது. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது இணையத்துக்கு மாறியது. அங்கே மார்க் எனப்படும் தோட்டத்துப் பெயரையும் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். ஆனால் வாங்கியவர் அதைப் பல தோட்டத்துத் தேயிலையோடு கலக்கிற இடத்தில் மார்க் கரைந்து போகிறது. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, இலங்கையிலேயே பொதி செய்த கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்கு மட்டும் கிடைப்பது. ஏழு தேயிலைப் பிரதேசங்களுக்கும் தனித்தனி இலச்சினைகள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுகள்தான். அதற்கும் கீழே, ஓர் ஊருக்கு, ஒரு தோட்டத்துக்கு என்று இறங்கினால், பையை அவரவரே அச்சடித்தால்தான் பெயர் நிலைக்கும்.

ஸ்டோரிலிருந்து இறங்கி ஒரு வீட்டின் முன்னறைக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா, அவருடைய நாத்தனார், பக்கத்து லயத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை என்று மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மிளகு, கராம்பு, சாதிக்காய், வசுவாசி. 50 கிராம், 100 கிராம் பைகள். பை கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது: ஒரு பக்கம் உள்ளே தெரியும், மறுபக்கம் வெள்ளி நிறம், வாயில் சிப். முன்னால் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பின்னால், அடிப்பக்கத்தில், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை. இந்த நாலு வரியையும் கையடக்க இன்க்ஜெட் மெஷின் அடிக்கிறது. எல்கடுவவில் நான் கண்ட டிஜிட்டல் அச்சு இவ்வளவே. நான் அதிக நேரம் நின்றதும் இங்கேதான்.

மெஷினைப் பிள்ளைதான் கையாள்கிறாள். உள்ளே இருப்பது 42 மில்லிலீற்றர் மைக் காட்ரிஜ். அதன் முகத்தில் 300 துளைகள். ஒரே இழுப்பில் 12.7 மில்லிமீற்றர் உயரத்துக்கு அச்சிடலாம். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு நுண்ணிய சூடாக்கி. மின்துடிப்பு வந்ததும் அது கண நேரம் சூடேறும். மையில் ஒரு குமிழி எழும்பி, முன்னால் இருக்கும் துளியை வெளியே தள்ளும். இந்தச் சூட்சுமத்தைக் கண்டவர்களில் ஒருவர் ஜப்பானின் கெனன் நிறுவனப் பொறியியலாளர் இச்சிரோ எண்டோ. 1977இல் ஆய்வுகூடத்தில், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் மை நிறைந்த ஊசியில் தற்செயலாகப் பட, ஊசிமுனையிலிருந்து மை பீச்சியது. அந்தப் பீச்சல் இன்று இந்த முன்னறையில் கராம்புக்குத் திகதி போடுகிறது.

காலையில் அவள் முதலில் செய்வது துடைப்பது. நூல் பிரியாத துணியை மதுசாரத்தில் நனைத்து, துளை முகத்தின்மேல் ஒரே திசையில், ஒரே தரம். பிளாஸ்டிக்கில் சீக்கிரம் காயும் மை துளையிலும் சீக்கிரம் காயும். பிறகு பழைய பத்திரிகைத் தாளில் வரிசையாக எட்டு எட்டாக அடித்துப் பார்க்கிறாள். ஏன் எட்டு என்று கேட்டேன்.

“நடுவுல நாலஞ்சு ஓட்ட அடச்சிருச்சின்னா எட்டோட இடுப்பு காணாமப் போயிரும் அண்ணே, பூச்சியம் ஆயிரும். 2028ன்னு போட்டது 2020ன்னு நிக்கும். கடைக்காரரு எல்லாத்தையும் திருப்பி அனுப்பிருவாரு.”

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. திரும்பி வந்த ஒரு பெட்டி பைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தது. அச்சைப் பற்றி நான் படித்த எந்தக் கையேட்டிலும் இந்த எட்டுப் பரிசோதனை இல்லை, இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அவள் கண்டது. நிரப்பிய பையில் அச்சிட்டால் மை நிற்பதில்லை. கராம்பின் எண்ணெய் விரலில் ஏறி, விரலிலிருந்து பைக்கு ஏறி, அந்த இடத்தில் எழுத்து வழிந்துவிடும். அதனால் வெறும் பையில் முதலில் அச்சு, அப்புறம்தான் நிரப்பல். கராம்பு தொட்ட கையோடு யாரும் அவள் மேசைப் பக்கம் வரக்கூடாது, முதலாளி அம்மா உட்பட. மூட்டம் இறங்கிய காலைகளில் பையின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். வெயில் முகம் காட்டும்வரை மெஷினைத் தொடுவதில்லை. அப்படியான நாட்களில் மிளகு புடைக்கிறாள்.

ஒரு வரி அச்சுக்கு இத்தனை பாடு தேவையா என்று கேட்பவர்கள் அந்த வரி என்ன சுமக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் நேரே வந்து கைவைக்கும் இடம் அது. சுகாதாரப் பரிசோதகர் பையைத் திருப்பி முதலில் பார்ப்பதும் அதைத்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் அந்த வரியின் அருமை நாட்டுக்கே விளங்கியது. அந்த மார்ச்சில் கடதாசியும் மையும் கிடைக்காமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. சில நாளிதழ்கள் அச்சை நிறுத்தின. விலைகள் ஓயாமல் ஏறின. விலையையும் சேர்த்து அச்சடித்த பைகளை வைத்திருந்தவர்கள் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருந்தது. விலையைக் கடைசி வரியில் தானே அடித்துக்கொண்டவர் இலக்கத்தை மாற்றினால் போதும்.

பெரிய தொழிற்சாலைகளில் இந்த வேலைக்கு இன்னொரு வகை மெஷின் நிற்கிறது. அதில் மை இடைவிடாமல் துளியாகப் பாய்ந்துகொண்டே இருக்கும். எழுத்துக்குத் தேவையான துளிக்கு மட்டும் மின்னேற்றம் கொடுத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே திசைதிருப்புவார்கள்; மற்றத் துளிகள் ஒரு குழாயில் விழுந்து தொட்டிக்குத் திரும்பும். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீட் வகுத்த முறை. ஓடும் பட்டியின் வேகத்துக்கு அது ஈடு கொடுக்கும். அதன் கரைப்பானின் நெடியும் கடுமை. காற்றோட்டமில்லாத அறையில் அதை வைத்துப் பெண்களை நாள்முழுக்க நிற்கவைப்பது அநியாயம்.

இனி, முழுப் பை. முன்னறையில் இருக்கும் ஸ்டிக்கர் மழைக்காலத்தில் மூலை கழன்று சுருளும். அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. பையிலேயே பெயரும் படமும் அச்சாகி வரவேண்டும் என்று ஆசைப்பட்டு ஓர் அச்சகத்தில் கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன குறைந்தபட்ச அளவைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டார்.

“வருஷம் பூரா நாங்க விக்கிறது அந்த மெஷின் ஓடத் தொடங்குறதுக்கே காணாது அண்ணே” என்றார்.

அவர் சொன்னது உண்மை. பிளாஸ்டிக் பைகளுக்கு வழமையான அச்சு கிராவியூர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இரும்பு உருளை. அதன்மேல் செம்பு பூசி, குழிகுழியாகச் செதுக்கி, குரோமியம் ஏற்ற வேண்டும். ஏழு நிறம் என்றால் ஏழு உருளை. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்வரை ஓடும் தாள் எல்லாம் கழிவு. இலட்சக்கணக்கில் பை அடிப்பவருக்கு இந்தச் செலவு தெரியாது. சில நூறு பை வேண்டியவருக்குக் கதவு பூட்டியே இருக்கும்.

இன்க்ஜெட்டில் உருளையே கிடையாது. கணினியில் இருக்கும் படம் துளியாக நேரே தாளுக்கு வருகிறது. ஃபுஜிஃபில்மின் ஜெட் பிரஸ் எஃப்.பி. 790 நிமிடத்துக்கு 50 மீற்றரும், ஸ்கிரீன் நிறுவனத்தின் ட்ரூபிரஸ் பி.ஏ.சி. 830எஃப் 75 மீற்றரும் ஓடும். கிராவியூரின் வேகத்துக்கு முன்னால் இது மெதுவான ஓட்டம். ஆனால் முதல் மீற்றரே விற்கத்தக்க மீற்றர். ஒரே சுருளில் முந்நூறு கராம்புப் பையும் அதைத் தொடர்ந்து இருநூறு சாதிக்காய்ப் பையும் இடையில் நிறுத்தாமல் அடிக்கலாம்.

இலேசான வேலை என்று நினைக்க வேண்டாம். கடதாசி மையைக் குடிக்கும், பிளாஸ்டிக் குடிக்காது. தாளின் முகத்தில் மின்பொறி பாய்ச்சி, மை பிடிக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவந்து, அடிப்பூச்சு பூச வேண்டும். உள்ளே தெரியும் தாளென்றால் நிறங்களுக்குப் பின்னால் வெள்ளை மை வேண்டும்; இல்லாவிட்டால் சிவப்பு மங்கிப் போகும். பெரும்பாலும் தாளின் உட்புறத்தில் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட்டு, இன்னொரு தாளை ஒட்டி மையை நடுவில் சிறைவைக்கிறார்கள். அப்படி வைத்தாலும் எந்த மை என்பதில் கவனம் தேவை. 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் அச்சு மையின் வேதிப்பொருள் ஒன்று கலந்திருந்தது தெரியவந்து, பெருந்தொகைப் பால் கைப்பற்றப்பட்டது. புற ஊதாக் கதிரில் உலரும் மையில் சேர்க்கப்படும் பொருள் அது. நான் சொன்ன இரண்டு மெஷின்களும் நீர் அடிப்படையிலான மைக்கு வடிவமைக்கப்பட்டதற்கு உணவுப் பாதுகாப்பு ஒரு முக்கிய காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. நம் கடைகளில் இருக்கும் பொதிகளில் தமிழ் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொம்பு தொலைந்த எழுத்து, புள்ளி விழுந்த மெய், இடம் மாறிய கால். குரோமியம் ஏறிய உருளையில் அந்தப் பிழை போய் உட்கார்ந்துவிட்டால், திருத்தப் புது உருளைதான் வேண்டும். ஓர் எழுத்துக்காக யார் அந்தச் செலவைச் செய்வார்? டிஜிட்டலில் இன்று கண்ட பிழையை நாளைய சுருளில் திருத்திவிடலாம். திருத்த முடியாது என்ற சாட்டு இனிமேல் செல்லாது.

பல அடுக்குப் பிளாஸ்டிக் மக்குவதில்லை, பிரித்தெடுப்பதும் கடினம் என்ற கவலை எனக்கும் உண்டு. எல்கடுவ ஓடைக்கரையில் வெள்ளி நிறக் கிழிசல்கள் கிடந்ததையும் கண்டேன். ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் எல்லா அடுக்கையும் செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. பை கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மாத்தளையிலோ கண்டியிலோ இப்படி ஒரு மெஷின் பொதுவாக நின்றால், சுற்றுவட்டாரத்தில் இருக்கும் சிறு பொதியாளர்கள் ஆளுக்கு இருநூறு முந்நூறாகச் சேர்ந்து ஒரு சுருளை நிரப்பிவிடலாம். தனி வீட்டுக்குத் தாங்காத செலவு, கூட்டுறவுக்கோ மாகாணக் கைத்தொழில் திணைக்களத்துக்கோ தாங்கும். வெளிநாடுகளில் சில நூறு பைக்கும் ஓடர் எடுக்கும் டிஜிட்டல் அச்சகங்கள் இருக்கின்றன என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பிக்கையில்லாமல் பார்த்தார். பிள்ளை மட்டும் மெஷினை மூடிவைத்துவிட்டு, எட்டு அடித்துப் பார்த்த பத்திரிகைத் தாளின் ஓரத்தில் கணக்குப் போடத் தொடங்கினாள்.

“கராம்பு முந்நூறு, மிளகு நானூறு, வசுவாசி நூறு போதும். ஊர்ப் பேரு மேல பெருசா வரணும் அண்ணே, மூணு பாஷையிலயும். தமிழ நான் பார்த்துத் தாரேன், அத மட்டும் அவங்க தொடக்கூடாது.”