கல்லறைத் தோட்டத்தில் வெண்மை

தஞ்சையினின்று திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி நோக்கிச் செல்லும் சாலையை நவம்பர்த் திங்களில் காண வேண்டும். இருமருங்கும் நடவு முடிந்து வேர்பிடித்த சம்பாப் பயிர். அந்த ஈரப் பச்சைக்கு நடுவே, ஊருக்கு ஊர், புதிதாய்ச் சுண்ணாம்பு பூசிய சிலுவைகள். நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாளன்றோ! முன்தினமே புல் செதுக்கி, வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை சார்த்திவிடுவர் நம் மக்கள்.

இவ்வாண்டு அவ்வழியிலுள்ள சிற்றூர் ஒன்றில் கல்லறைகளை மந்திரிக்கச் சென்றிருந்தோம். நம் ஊதாத் திருவுடையைப் பார்த்த பெரியவர் ஒருவர், "முன்னெல்லாம் கறுப்புல்ல சாமி போட்டுக்கிட்டு வருவாங்க!" என்றார். மெய்தான். 1967ஆம் ஆண்டுவரை இறந்தோர் பூசைக்குக் கறுப்பே விதி. பின்னர் ஊதா பொது வழக்காயிற்று, கறுப்பு விலக்கப்படவில்லை. ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் அடக்கத்திற்கோ அன்றே வெள்ளைதான்.

வெளியுலகிலும் இப்படியே. சீனத்தில் துக்கத்தின் நிறம் வெள்ளை. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசகுலப் பெண்டிரும் வெள்ளையணிந்தே துக்கம் காத்தனர். விக்டோரியா அரசியார் 1861இல் கணவரை இழந்து, 1901இல் தாம் இறக்கும்வரை கறுப்பே உடுத்தினார்.

நம் காவிரிக் கரையிலே கைம்பெண்ணுக்கு வெள்ளை என்றது ஊர் வழக்கம். ஆனால் நம் பிள்ளைகள் புதுநன்மைக்கு வெள்ளை உடுத்துகிறார்கள். சில வீடுகளில் மணப்பெண்ணும் வெள்ளைப் பட்டிலேயே பீடத்தண்டை வருகிறாள். அதைக் கண்ட இந்து அன்பர் ஒருவர், "கல்யாணப் பொண்ணுக்கா சாமி வெள்ளை?" என்று பதறியது நினைவிருக்கிறது. சவப்பெட்டியின்மேல் விரிக்கும் வெண்துகிலும் ஞானஸ்நான ஆடையின் நினைவே என்று அவருக்கு விளக்கினோம்.

விளக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை விளக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இதே ஊரில், ஒரு முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உறவினர் வெள்ளைச் சேலை ஒன்றைத் தட்டில் வைத்து மந்திரிக்கக் கொணர்ந்தனர். அப்பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. "இது கோயில் சட்டமா சாமி?" என்று கேட்டாள். கைம்பெண் இந்நிறம் உடுத்த வேண்டுமென்று திருச்சபை விதிப்பதில்லை என்பதை நாம் நன்கறிவோம். எனினும் கூடியிருந்த பெரியவர்களின் முகத்தைப் பார்த்து, "ஊர் வழக்கம் அம்மா" என்று சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டோம்.

இவ்வாண்டு அவளை அங்கே கண்டோம். வளர்ந்த மகனோடு, மெழுகுதிரி அணையாதபடி கையால் மறைத்து நின்றாள். கிளிப்பச்சைச் சேலை.

நாம் பார்த்ததைக் கவனித்தாள் போலும். "அவருக்குப் பிடிச்ச நிறம் சாமி, மகன் வாங்கிக் குடுத்தான்" என்றாள்.

"இதைச் சொல்ல வேண்டியவர் அன்றே நாம், அம்மா" என்றோம். அவள் மறுமொழி சொல்லவில்லை, கல்லறையைக் காட்டினாள். தீர்த்தம் தெளித்தோம்.