குதிரைக்கு வருஷா வருஷம் எக்ஸாம்!

மஸ்டாங் என்றதும் நம்ம பசங்களுக்கு ஃபோர்டு கார்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். எங்க கோ-கார்ட் டீம் பேரே 'மஸ்டாங்ஸ்'. டி-ஷர்ட்டில் போட, ஓடுற குதிரை படம் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. தேடினால் கிடைத்தது வேற படம். கழுத்தில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு லாரி டயர். அதை இழுத்து இழுத்து ஓய்ந்து நிற்கிறது ஒரு குதிரை. டயரை வைத்து ஃப்ரிக்‌ஷன் கணக்கு போட்டுப் பழகியவன் நான். இப்படி ஒரு உபயோகம் எங்க சிலபஸிலேயே இல்லை பாஸ்!

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நடந்த கதை அது. ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகளில் தப்பித்ததும் கைவிடப்பட்டதும் காட்டில் பெருகியதுதான் மஸ்டாங். விமானத்தில் தாழப் பறந்து அதுகளை மலையிலிருந்து விரட்டுவார்கள். சமவெளிக்கு வந்ததும் லாரியில் துரத்தி சுருக்கு வீசுவார்கள். டயரை இழுத்துக் களைத்ததும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். கடைசியில் நாய், பூனைக்கான டின் உணவு!

1950-ல் நெவாடா மாநிலம் ரெனோ பக்கம், வெல்மா ஜான்ஸ்டன் என்கிற பெண்மணி முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தார். பின்னாலேயே போனார். இன்சூரன்ஸ் ஆபீஸில் செக்ரட்டரி அவர். சின்ன வயசில் போலியோ வந்தவர். 'வைல்டு ஹார்ஸ் ஆனி' என்று எதிராளிகள் கிண்டலடிக்க, 'பேர் நல்லாத்தானே இருக்கு' என்று அதையே வைத்துக்கொண்டார். விமானம், மோட்டார் வாகனங்களால் குதிரைகளை விரட்டிப் பிடிக்கக்கூடாது என்று 1959-ல் சட்டம் வந்தது. ஆனால் அதில் ஓட்டை. பிடிக்கவே கூடாது என்றில்லை, 'இப்படிப் பிடிக்காதே' என்பதுதான்.

அடுத்து ஸ்கூல் பசங்க களமிறங்கினார்கள். எம்.பி.க்களுக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம். 1971 டிசம்பர் 15-ல் அதிபர் நிக்ஸன் கையெழுத்துப் போட்டார். அரசு நிலத்தில் திரியும் காட்டுக் குதிரையையும் கழுதையையும் பிடிப்பது, கொல்வது, தொந்தரவு செய்வது எல்லாம் குற்றம் ஆனது.

நியூ மெக்ஸிகோ மாநிலம் கேட்கவில்லை. 1974-ல் 19 கழுதைகளைப் பிடித்து ஏலம் விட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 'உள்ளூர் விலங்கு எங்க பாடு, மத்திய அரசுக்கு என்ன வேலை?' என்பது வாதம். 1976-ல் நீதிபதிகள் ஒருமனதாக, சட்டம் செல்லும் என்றார்கள். பத்தொன்பது கழுதைக்காக எழுதிய தீர்ப்பை அங்கே லா காலேஜில் இன்னும் படிக்கிறார்கள்!

இதோடு 'சுபம்' போட்டிருக்கலாம். ஆனால் அதே 1976-ல் அரசுக்கு மட்டும் ஹெலிகாப்டர் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1978 திருத்தத்தில் 'உபரி' என்ற வார்த்தை அழுத்தமாக உட்கார்ந்தது. எது உபரி? நில நிர்வாகத் துறை கணக்கில் நிலம் தாங்குவது சுமார் 25,500. 2024 மார்ச்சில் இருந்ததோ சுமார் 73,500. துறை சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. மழையில்லாத பூமி, அடித்துத் தின்னும் மிருகங்களும் குறைவு. ஆனால் அதே மேய்ச்சலுக்கு மாட்டுப் பண்ணைக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

2004-ல் மொன்டானா செனட்டர் கான்ராட் பர்ன்ஸ், 3,000 பக்கத்துக்கு மேல் இருந்த பட்ஜெட் மசோதாவில், விசாரணையே இல்லாமல் ஒரு சின்னப் பிரிவைச் செருகினார். வயசு 10-ஐ தாண்டினாலோ, மூணு தடவை தத்துக்குப் போகாவிட்டாலோ, நிபந்தனையில்லாமல் விற்கலாம். (மூணு கம்பெனியில் செலக்ட் ஆகாத நண்பர்களே, நமக்கு அப்படி ஒரு ரூல் இல்லை!) மறு வருஷமே, அப்படி விற்றதில் 41 குதிரைகள் இறைச்சிக்கூடத்துக்குப் போய்விட்டன. நாடே கொதித்தது.

இன்றும் அந்தப் பிரிவு நீக்கப்படவில்லை. 'இறைச்சிக்காக விற்கப் பணம் செலவழிக்காதே' என்று ஆண்டு பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்துத்தான் அதைக் கட்டிப்போடுகிறார்கள். வருஷா வருஷம் அதே பேப்பரை எழுதிப் பாஸ் பண்ணணும்!

ஃபெயிலானால்? வளர்ப்புக் குதிரைகள் கதையைப் பாருங்கள். டெக்ஸாஸில், 1949-ல் போட்டு எல்லோரும் மறந்த சட்டம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். இல்லினாயிஸ் புதுச் சட்டமே போட்டது. 2007-ல் கடைசி மூன்று குதிரை இறைச்சிக்கூடங்களும் மூடப்பட்டன. இறைச்சியைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர்களுக்குப் பணம் கிடையாது என்ற பட்ஜெட் வரி, 2011-ல் காணாமல் போனது. உடனே புதுசாகத் திறக்க விண்ணப்பங்கள்! 2014 ஜனவரியில் வரி திரும்பி வந்து, ஒன்றும் திறக்கவில்லை. ஆனால் மெக்ஸிகோ, கனடா எல்லை திறந்தே இருக்கிறது.

எங்க தாத்தா கும்பகோணத்தில் குதிரை வண்டி ஓட்டினவர். இதெல்லாம் படித்ததும் அவருக்கு போன் போட்டேன்.

"தாத்தா, உங்க குதிரை கடைசில என்னாச்சு?"

"வயசாயிடுச்சுடா, வித்துட்டேன்."

"யாருக்கு?"

"வந்து கேட்டவனுக்கு."

அதற்கு மேல் ரெண்டு பேரும் பேசவில்லை. சாப்பாடு எப்படின்னு கேட்டுட்டு வெச்சுட்டார்.

'வந்து கேட்டவன்' விஷயம்தான் அமெரிக்காவில் இப்போதைய பிரச்னையும். பிடிபட்ட குதிரைகள் 60,000-க்கு மேல் அரசுப் பராமரிப்பில் தீனி தின்கின்றன. செலவு தாங்காமல் 2019-ல், தத்தெடுத்தால் 1,000 டாலர் என்று அறிவித்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு சிலர் குதிரைகளை ஏலத்தில் தள்ளியதும், இறைச்சி வியாபாரிகள் வாங்கியதும் 2021-ல் பத்திரிகைகளில் வெளியானது. 2025 மார்ச்சில் கொலராடோ மத்திய நீதிமன்றம், உரிய நடைமுறையில்லாமல் கொண்டுவந்த திட்டம் என்று அதை ரத்து செய்தது.

நின்றது 1,000 டாலர்தான், தத்து அல்ல. ஒரு வருஷம் வைத்திருந்து பத்திரம் வாங்கிவிட்டால், சட்டப்படி அது காட்டுக் குதிரையே இல்லை, சாதாரணக் குதிரை. அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று கேட்க 1971 சட்டத்தில் இடமில்லை.