கைபேசிக்கு ஒரு கடிவாளம்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்குத் தொலைபேசி வெறும் கருவியன்று. ஊரோடு நம்மைப் பிணைத்து வைத்திருக்கும் கயிறு. இணைப்பகத்தின் துணையின்றி, நேராக எண்ணைச் சுழற்றி வெளியூருடன் பேசும் வசதி நம் நாட்டில் முதன்முதலாக 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. மற்ற ஊர்களில் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணி ஒலிக்காதா என்று காத்திருந்தார்கள் நம் பெரியவர்கள். இன்றோ மன்னார்குடியில் என் தாயார் கோலமிடுவதை டோம்பிவிலியில் இருந்தபடியே காண்கிறோம். இப்பேறு நமக்குக் கிட்டியிருக்கையில், "கைபேசியைக் குறையுங்கள்" என்று யாரேனும் உபதேசித்தால், எதைக் குறைப்பது, எதை விடுவது என்ற கேள்வி மற்றவர்களைக் காட்டிலும் நமக்கே கூர்மையாக எழுகின்றது.

எங்கள் இல்லத்தில் அக்கேள்வி எழுந்த விதத்தைச் சொல்கிறேன். நாங்கள் மூவர்: நான், என் மனைவி, பதினான்கு வயது மகன். எனக்குக் கோட்டைப் பகுதியில் அலுவல். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி ரயில் பயணம். கைபேசியில் நாம் கழிக்கும் நேரத்தைக் கைபேசியே கணக்கிட்டுக் காட்டும் ஏற்பாட்டை 2018-இல் கூகுளும் ஆப்பிளும் புகுத்தின. ஒரு ஞாயிறன்று மூவரும் அமர்ந்து அக்கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தோம். என் பங்கு நாளொன்றுக்கு நான்கு மணி பத்து நிமிடம். அதில் தாயாருடன் பேசியது பத்து நிமிடம்! எஞ்சியதில் பெரும்பகுதி, யாரோ ஆடுவதையும் யாரோ சமைப்பதையும் காட்டும் குறும்படங்களுக்குப் போயிருந்தது.

"இரவு பத்து மணிக்கு மூன்று கைபேசிகளையும் அணைத்து அலமாரியில் வைத்துவிடுவோம்" என்றேன்.

"கடையைச் சாத்துவது சரி. அதற்காக வாசற்கதவையுமா தாழிடுவது? அத்தை நள்ளிரவில் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்?" என்றாள் என் மனைவி.

எழுபத்தெட்டு வயதில், நீரிழிவு நோயுடன் தனியே இருப்பவர் என் தாயார். மனைவி கூறியதே எங்களுக்கு உரைகல்லாயிற்று. கடையைச் சாத்த வேண்டும். வாசல் திறந்திருக்க வேண்டும். அதற்கேற்ற செயலி எது என்று தேடத் தொடங்கினோம்.

இவ்வகைச் செயலிகள் பல பெயர்களில் உலவினாலும், அவை செய்யும் வேலையைப் பார்த்தால் நான்கு இனத்தில் அடங்கும். முதலாவது, கணக்குப்பிள்ளை. எவ்வளவு நேரம் போயிற்று என்று காட்டும்; கையைப் பிடித்துத் தடுக்காது. இரண்டாவது, காவலாள். குறித்த நேரம் முடிந்ததும் குறித்த செயலியைச் சாத்திவிடும். மூன்றாவது, பரிசு காட்டி இணங்கச் செய்வது. தைவான் நாட்டில் உருவான 'ஃபாரஸ்ட்' இதற்கு நல்ல உதாரணம். வேலையைத் தொடங்கும்போது திரையில் ஒரு விதை ஊன்றுகிறோம். குறித்த நேரம் கைபேசியைத் தீண்டாதிருந்தால் மரமாகும். இடையில் வேறு செயலிக்குத் தாவினால் பட்டுப்போகும். நான்காவது, நிதானத்தைக் கற்பிப்பது. 'ஒன் செக்' என்னும் செயலி, நாம் ஒன்றைத் திறக்கப் போகும் கணத்தில் ஒருமுறை மூச்சை இழுத்து விடச் செய்து, "இன்னமும் திறக்க வேண்டுமா?" என்று கேட்கிறது.

இந்த நான்காவது முறையைப் பற்றி 2023-இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் ஏட்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 280 பேரின் ஆறு வாரப் பழக்கத்தை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 36 முறை அவர்கள் திறக்க வந்ததைத் திறவாமலே திரும்பினர் எனக் கண்டார்கள். செயலியை உருவாக்கியவரே ஆய்வாளருள் ஒருவர் என்பதையும் நாம் மனத்திற் கொள்ள வேண்டும். ஆயினும் முடிவு வியப்புக்குரியதன்று. 2006-இல் ஆசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி நீளும் பக்கத்தை வகுத்தார். பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். புத்தகத்தில் அதிகாரம் முடிகிறது; நாடகத்தில் திரை விழுகிறது; 'போதும்' என்று மனம் சொல்ல அங்கே ஓர் இடம் இருக்கிறது. முடிவில்லாத பக்கத்தில் அந்த இடம் இல்லை. அதை மீண்டும் உண்டாக்கித் தருவதே இச்செயலிகள் அனைத்தின் உட்கருத்து.

தேடலின் நடுவே ஓர் எச்சரிக்கையும் கிட்டியது. இலவசமாகக் கிடைத்த ஒரு செயலி, நிறுவியவுடனேயே 'அணுகல்தன்மை' என்னும் அனுமதியைக் கேட்டது. இவ்வனுமதி பார்வைக் குறைவு முதலியன உடையோர்க்கு உதவவென ஏற்பட்டது. இதைப் பெற்ற செயலி திரையில் உள்ளவற்றைப் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் கூடும். வங்கிக் கணக்கும் வீட்டுச் செய்தியும் அதே திரையில்தானே தோன்றுகின்றன! நாம் எச்செயலியைத் திறந்தோம் என்று அறிந்து தடுப்பதற்கு இவ்வனுமதி சிலவற்றுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. ஆனால் நேரத்தைக் கணக்கிடுவதற்கு மட்டும் இத்துணை பெரிய சாவி வேண்டுவதில்லை. யாரென்று அறியாதவரிடம் அதைக் கொடுத்தால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகும் என்று, அச்செயலியை அப்போதே நீக்கினோம்.

இறுதியில், கைபேசியோடு வந்த ஏற்பாடே எங்களுக்குப் போதுமெனத் துணிந்தோம். ஆண்ட்ராய்டு கைபேசியில் அதற்கு 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்றும், ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்றும் பெயர். தனிக் கட்டணமில்லை, புதிதாக எவருக்கும் சாவி கொடுக்க வேண்டியதுமில்லை. குறும்படச் செயலிகளுக்கு மட்டும் நாளொன்றுக்கு அரை மணி என வரம்பிட்டோம். முடிந்ததும் அவை மங்கி அடைந்துவிடும். நள்ளிரவில்தான் மறுநாட்கணக்குத் தொடங்கும். என் ரயில் நேரத்தில் அவை அடியோடு உறங்குமாறு அமைத்தேன். வாட்ஸ்அப்புக்கு வரம்பிடவில்லை, இட்டால் தாயாரின் முகம் பார்க்கும் அழைப்பும் அதே கணக்கில் கழியும். சங்கத்துத் தமிழ் வகுப்பின் ஏடுகளைத் திருத்தும் வேளைக்கென்று என் மனைவி மரம் வளர்க்கும் செயலியை வைத்துக்கொண்டாள்.

இரவுக்கான ஏற்பாட்டைச் செய்து தந்தவன் என் மகன். 'தொந்தரவு செய்யாதே' என்னும் அமைப்பை இரவு பத்து மணிக்குத் தானே தொடங்குமாறு வைத்தான். நாம் நட்சத்திரக் குறியிட்டவர்களின் அழைப்பு மட்டும் அதில் ஒலிக்கும். குறியில்லாதவரும் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்குமாறு செய்யலாம். ஐபோனில் இதற்கு மூன்று நிமிடமே தவணை. பாட்டியின் எண்ணுக்குக் குறியிட்டதும் அவன் சற்று யோசித்து, "அப்பா, பாட்டிக்கு உடம்பு முடியவில்லையென்றால் பாட்டியா கூப்பிடுவார்கள்? பக்கத்து வீட்டு மாமி அல்லவா கூப்பிடுவார்கள்?" என்று கேட்டான். மாமியின் எண்ணும் பட்டியலில் ஏறியது. அவசரமானால் வாட்ஸ்அப்பில் அழைக்காமல் சாதாரண அழைப்பாகவே கூப்பிடும்படி இருவரிடமும் சொல்லி வைத்தோம்.

சென்ற கார்த்திகையில் ஓர் இரவு, பதினொன்றரை மணிக்கு அந்த மாமியின் அழைப்பு ஒலித்தது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தாயார் தலைசுற்றி அமர்ந்துவிட்டார். தஞ்சையிலிருக்கும் என் சிற்றப்பா மகனை உடனே எழுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அவன் மன்னார்குடியில் இருந்தான். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து தாயார் நலமாக வீடு திரும்பினார். அவ்விரவில் வந்த மற்றச் செய்திகளையும் வாழ்த்துப் படங்களையும் காலையில்தான் பார்த்தோம். அதனால் எவருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

இப்போது என் கணக்கு நாளொன்றுக்கு இரண்டரை மணி. அதில் முக்கால் மணி ஊராருடன் பேசுவது. ஞாயிறுதோறும் என் மகன் பாட்டியிடம் ஊர்க்கதை கேட்கும் நேரம் கூடியிருக்கிறது. அவன் வாயில் 'கொல்லைப்புற'மும் 'முற்ற'மும் வந்து விழுகின்றன. கருவியின் கண்ணுக்கு அந்த ஒரு மணியும், குறும்படத்தில் கரையும் ஒரு மணியும் ஒன்றே. நமக்கு அவை ஒன்றாகா. ஆகவே, மொத்த எண் குறைந்ததென்று மகிழ்வதும் கூடியதென்று வருந்துவதும் பொருளற்றவை.

செயலியைத் தேடும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. முதலில் வீட்டார் அனைவரும் அமர்ந்து, கைபேசி வழியே நம் வீட்டுக்குள் யார் யார் எந்நேரத்திலும் வரலாம் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அவர்களை மறிக்காத பூட்டு எதுவோ, அதைத் தேர்ந்தெடுங்கள். கையிலுள்ள கருவியிலேயே அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வெளியே தேடுங்கள். பெயரும் புகழும் விலையும் அதற்கு அடுத்தபடிதான்.